ஏற்காட்டில் மூன்று நாள்: எச்.ஐ.வி. குடும்பங்களுக்கான சபை முகாம் எப்படி இருக்கிறது?

முகாமின் பெயரோ, நடத்துகிற கிறிஸ்தவ சபையின் பெயரோ, தங்கவைக்கிற விடுதியின் பெயரோ இங்கே வராது. ஓட்டலைப் பற்றி எழுதுகிறவர் பெயரை மறைத்தால் படிக்கிறவருக்கு அநியாயம். இங்கே பெயரைப் போட்டால், அடுத்த தடவை அந்தப் பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் அநியாயம். போக நினைக்கிறவர்கள், எச்.ஐ.வி.க்கு மாத்திரை வாங்குகிற ஏ.ஆர்.டி. (கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்துக் கவுன்சலரிடமோ, எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிற பக்கத்து நம்பிக்கை மையத்திலோ "குடும்ப முகாம்" என்று கேட்டால் போதும். சேர்க்கையே அந்த வழியாகத்தான். போஸ்டர், ஃபேஸ்புக் எதிலும் வராது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். கண்ணுக்குத் தெரியாத வேலைகளில், அதாவது பை, பஸ், மாத்திரை நேரம், அறை ஒதுக்கீடு ஆகியவற்றில், இந்த முகாம் கெட்டி. மைக்கைப் பிடித்ததும்தான் சறுக்குகிறது.

வெள்ளி மதியம் ஏறி ஞாயிறு மாலை இறங்குவது. காலாண்டு விடுமுறையில் வைக்கிறார்கள், நல்ல தேர்வு. மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் ஏற்காடு முழுக்கச் சேலத்துக்காரர்கள்தான், படகுத்துறையில் சித்தப்பா மகன் எதிரே வந்து "நீங்க எங்க இந்தப் பக்கம்?" என்று கேட்பார். ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டினால் மலைப்பாதையில் மண் சரியும். செப்டம்பர் கடைசி இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. ஒரு தடவைக்கு இருபது, இருபத்திரண்டு குடும்பங்கள். கட்டணம் குடும்பத்துக்கு 200 ரூபாய், பிள்ளைகளுக்கு இல்லை, போக வர வண்டி அவர்களுடையது. வெளியே தெரியாத செலவு ஒன்று உண்டு: கூலி. கொலுசுப் பட்டறையிலும் தறியிலும் சனிக்கிழமை வாரக்கூலி வாங்குகிறவருக்கு வெள்ளி சனி போனால் அந்த வாரமே ஓட்டை. இதற்கு முகாமில் ஈடு எதுவும் இல்லை. வருகிறவர்களில் பாதிக்கு மேல் கணவனை இழந்த பெண்கள், அப்பா அம்மா இருவரும் போன பேரப்பிள்ளையை வளர்க்கிற பாட்டிகள் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

ரகசியத்தை எப்படிக் காக்கிறார்கள் என்பதை வேறு முகாம் நடத்துகிறவர்கள் வந்து பார்க்க வேண்டும். ஏற்றிக்கொள்ளும் இடம் ஆஸ்பத்திரி வாசல் இல்லை. சேலம் ஜங்ஷனில் ஒன்று, அஸ்தம்பட்டியில் ஒன்று. சங்ககிரி, ஓமலூர் பக்கமிருந்து வருகிறவர்கள் முதலாவதில், ஆத்தூர், வாழப்பாடி பக்கத்தார் இரண்டாவதில். பஸ் கண்ணாடியில் வெறும் "குடும்ப முகாம்" என்ற தாள். கழுத்து அட்டையில் பெயர் மட்டும். ஊர் இல்லை, இனிஷியல் இல்லை. அதே நிற அட்டை தன்னார்வலர்களுக்கும், ஆயருக்கும், கீபோர்டு வாசிக்கிற பையனுக்கும். ஊழியர்களிலேயே பாசிட்டிவ் ஆட்கள் உண்டு; யார் என்று மூன்று நாளும் பார்த்தாலும் பிடிபடாது. முதல் மாலையே சொல்லிவிடும் விதி ஒன்றுதான்: "உங்களுக்கா, வீட்டுக்காரருக்கா, பிள்ளைக்கா என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது." தாமாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், கேட்டதைக் கீழே இறக்கிக் கொண்டுபோகக் கூடாது. போனை வாங்கி வைப்பதில்லை. ஆனால் கூடத்துக்குள்ளும் விளையாட்டு மைதானத்திலும் கேமரா கிடையாது. குரூப் போட்டோவும் இல்லை. சபை நிகழ்ச்சி ஒன்று குரூப் போட்டோ இல்லாமல் முடிவது எவ்வளவு பெரிய தியாகம் என்று சபைக்காரர்களுக்குப் புரியும்.

அறை குடும்பத்துக்கு ஒன்று. டார்மிட்டரி இல்லை என்பது சொகுசுக்காக அல்ல, மாத்திரைக்காக. பத்துப் பேர் படுக்கிற கூடத்தில் பைக்குள் கைவிட்டு டப்பாவைத் திறக்கிற அந்த கடகட சத்தம் எல்லோருக்கும் தெரிந்த சத்தம்.

மாத்திரைப் பேச்சுக்கு வந்துவிட்டோம், இதில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு. பிள்ளைகளில் நாலைந்து பேர் கட்டாயம் வாந்தி எடுப்பார்கள். பகலில் மாத்திரை போடும் பழக்கமுள்ள பிள்ளைக்கு வண்டி ஏறும்முன் கொடுத்து, ஏழாவது வளைவில் அது வெளியே வந்துவிட்டால், போன டோஸ் எவ்வளவு, நின்ற டோஸ் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதனால் அன்று ஒரு நாள் மட்டும் மேலே போய்ச் சேர்ந்து, வயிறு அடங்கியபின் கொடுக்கச் சொல்கிறார்கள். சரியான யோசனை. இரண்டு மூன்று மணி நேரத் தாமதத்தால் எதுவும் கெடாது. கொடுத்து அரை மணிக்குள் வாந்தியில் போனால் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பதையும் தாளில் அச்சடித்தே தருகிறார்கள். தாளின் தலைப்பில் "பயணக் குறிப்புகள்" என்று மட்டும் இருக்கிறது.

மூன்று நாளைக்கு ஐந்து மாத்திரை கொண்டுவரச் சொல்வதும் நல்லது. மரம் விழுந்து பாதை அடைத்தால் ஒரு நாள் மேலேயே தங்க வேண்டியிருக்கும். பெரியவர்கள் பெரும்பாலும் டி.எல்.டி. போடுகிறார்கள்: டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் ஒரே மாத்திரையில், நாளுக்கு ஒன்று. இதை ராத்திரிதான் போட வேண்டும் என்று நிறையப் பேர் இன்னும் பிடிவாதமாக இருக்கிறார்கள். அது எஃபாவிரென்ஸ் காலத்துப் பழக்கம். அந்த மருந்து தலை சுற்றும், கெட்ட கனவு வரும், அதனால் படுக்கப்போகும் நேரத்தில் போடச் சொன்னார்கள். மருந்து மாறிவிட்டது, நேரம் மாறவில்லை. டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும்; அப்படிப்பட்டவர்கள் டாக்டரிடம் சொல்லிக் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். முகாமில் இரண்டாம் நாள் மதியம் வருகிற நர்ஸ் இதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்கிறார். மூன்று வருடமாகத் தூக்கமில்லை என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு கேள்வியே 200 ரூபாய்க்கு மேல்.

ராத்திரி மாத்திரைக்கு மணி அடிப்பதில்லை, மைக்கில் அறிவிப்பதும் இல்லை. எட்டே முக்காலுக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் சுக்குக் காப்பி கொடுக்கிறார்கள், கூடவே ஆளுக்கு ஒரு டம்ளர் வெந்நீர். எல்லோரும் டம்ளரோடு உட்கார்ந்திருக்கும்போது யார் எதை விழுங்கினார்கள் என்று யார் பார்க்கப் போகிறார்கள்? மாத்திரை போடாதவரும் டம்ளரைத் தூக்குகிறார், அவ்வளவுதான்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கரையும் மாத்திரை. இதில் பிழை எங்கே வருகிறது என்பதை அந்த மேஜையிலேயே பார்க்கலாம். எவர்சில்வர் டம்ளரில் இரண்டு கரண்டித் தண்ணீர், மாத்திரையைப் போட்டுச் சுழற்றினால் கரைந்ததுபோல வெள்ளையாகிவிடும். பிள்ளை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு ஓடிவிடும். டம்ளரின் அடியில் மெல்லிய மாவு வளையமாக ஒட்டியிருக்கும், அதுவும் மருந்துதான். ஒரு தன்னார்வலர் பாட்டியின் தோளைத் தொட்டு, "அம்மா, அடியில மாவு நிக்குது பாருங்க. இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்திச் சுத்திக் குடுங்க" என்கிறார். பாட்டி பிள்ளையைக் கூப்பிடுகிறார்: "வா கண்ணு, இன்னும் ஒரு வாய்." அவ்வளவு எளிய திருத்தம். அந்த ஒரு வாய் தினமும் தப்பினால், ரத்தத்தில் மருந்து குறைந்து, மருந்தையே எதிர்த்து நிற்கிற சக்தி வைரஸுக்கு வளர இடம் கிடைக்கும். கரைத்ததை அரை மணிக்குள் குடித்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

எடை பார்ப்பதும் அதே போலச் சத்தமில்லாத வேலை. பிள்ளைகளுக்கு மருந்தளவு எடையை வைத்து. 10 மி.கி. கரையும் டோலுடெக்ராவிர் 14 கிலோவுக்கு மேல் 20-க்குள் இருக்கிற பிள்ளைக்கு இரண்டரை மாத்திரை. 20 கிலோ தாண்டினால் 50 மி.கி. மாத்திரைக்கு மாறலாம், 30 கிலோ ஆனால் பெரியவர்களின் டி.எல்.டி. ஒன்றே போதும். மையத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போனால் இதெல்லாம் அங்கேயே பார்ப்பார்கள். பள்ளிக்கூடம் கெடக் கூடாதென்று பாட்டி மட்டும் பஸ் ஏறிப்போய் மாத்திரை வாங்கி வருகிற வீடுகளில்தான் சிக்கல். பிள்ளை வளர்ந்திருக்கும், டோஸ் போன வருடத்து எடையிலேயே நிற்கும். முகாமில் முதல் மாலை "யார் வெயிட் அதிகம்" என்று விளையாட்டுப்போல எல்லாப் பிள்ளைகளையும் தராசில் ஏற்றுகிறார்கள். எல்லை தாண்டிய பிள்ளைகளின் எடையை ஒரு சீட்டில் எழுதி, "இதை அடுத்த தடவை கவுன்சலர்கிட்ட காட்டுங்க" என்று கொடுத்துவிடுகிறார்கள். மருந்தைத் தாங்களே மாற்றுவதில்லை. அந்த எல்லை தெரிந்திருக்கிறது.

இப்படி இருக்கிற இடத்தில் முதலுதவிப் பெட்டி ஏமாற்றம். உள்ளே வயிற்றெரிச்சலுக்கு ஆன்டாசிட் சிரப் இருக்கிறது. பிரியாணி சாப்பிட்ட ராத்திரி கேட்டவருக்கெல்லாம் இரண்டு மூடி ஊற்றிக் கொடுக்கிறார் ஒரு கல்லூரிப் பையன். அதிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. மாத்திரை போட்டு இரண்டு மணி கழித்துத்தான் ஆன்டாசிட். ஆன்டாசிட் முதலில் குடித்தால் ஆறு மணி கழித்துத்தான் மாத்திரை. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையோ, கால்சியமோ சாப்பிடுகிறவர்களுக்கும் அதே கணக்கு. இரும்புக்கும் கால்சியத்துக்கும் மட்டும் ஒரு விலக்கு, சாப்பாட்டோடு என்றால் டோலுடெக்ராவிரோடு சேர்த்துப் போடலாம்; ஆன்டாசிட்டுக்கு அது கிடையாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் டோலுடெக்ராவிரோடு நாளுக்கு 1000 மி.கி.யைத் தாண்டக் கூடாது. இதை ஒரு தாளில் எழுதி அந்தப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டினால் ஐந்து நிமிட வேலை.

காயத்துக்கு மட்டும் சரியாகப் பழக்கியிருக்கிறார்கள். எந்தப் பிள்ளை விழுந்தாலும் கையுறை. இந்தப் பிள்ளைக்கு உண்டு, அந்தப் பிள்ளைக்கு வேண்டாம் என்ற பேதம் இல்லை. பேதம் வந்தால் அதுவே அறிவிப்பாகிவிடும். ரத்தம் தரையில் சிந்தினால் துணி போட்டு மூடி, பிளீச்சிங் கரைசல் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடைப்பது. லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 33 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போட்டால் 1 சதவீதக் கரைசல் கிடைக்கும். தினமும் காலையில் புதிதாகக் கலக்க வேண்டும், நேற்றையது வீரியம் போய்விடும். கலக்குகிறார்கள். யாருடைய திறந்த காயத்திலோ கண்ணிலோ ரத்தம் பட்டால் நன்றாகக் கழுவிவிட்டு உடனே கீழே அரசு மருத்துவமனைக்கு. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை, தொடங்கினால் 28 நாள் முழுக்கப் போட வேண்டும். இதற்காக ஒரு ஜீப் எப்போதும் நிற்கிறது.

காலி டப்பாவைக் குப்பைக்கூடையில் போடாதீர்கள் என்கிற அறிவுரையும் அனுபவத்தில் வந்ததுதான். காலையில் கூட்டுகிறவர் உள்ளூர்ப் பெண். அவருக்கு இது வெறும் சபை முகாம். லேபிளில் மருந்துப் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். கிழித்தெடுத்துப் பையிலேயே கீழே கொண்டுபோய்விட வேண்டும்.

பிள்ளைகள் விஷயம் இந்த மாதிரி முகாம்களின் கத்திமுனை. தனக்கு என்ன என்று தெரிந்த பிள்ளை, தெரியாத பிள்ளை, தொற்றே இல்லாத தம்பி தங்கை என மூன்று வகையும் ஒரே மைதானத்தில் ஓடுகின்றன. ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் பிள்ளைக்கு மெல்ல மெல்லச் சொல்லி முடித்துவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2011 வழிகாட்டுதல். நடைமுறையில் பத்தாம் வகுப்பு வரை "சத்து மாத்திரை" என்றே ஓட்டுகிற வீடுகள் ஏராளம். இங்கே 14 வயதுக்கு மேற்பட்டோர் வகுப்பில் உட்கார, "பிள்ளைக்கு முழுவதும் தெரியும்" என்று வளர்க்கிறவர் எழுதித் தர வேண்டும். சின்னவர்களுக்கு உடம்புக்குள்ளே காவல்காரர்கள், தூங்குகிற பூச்சி, அதைத் தூங்கவைக்கிற மாத்திரை என்று பொம்மை வைத்துக் கதை; நோயின் பெயரே வராது. இரண்டும் நன்றாக நடக்கின்றன. நடுவிலிருக்கிற 10 முதல் 13 வரைதான் ஓட்டை. தெரிந்ததும் தெரியாததும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிற அந்த வகுப்பில் ஒரு பிள்ளை வாய் தவறினால், இன்னொரு பிள்ளை தன்னுடைய வாழ்க்கைச் செய்தியை ஒரு விளையாட்டுத் தோழன் வாயால் கேட்க நேரும். அப்புறம் வீட்டில் யார் பேச்சை நம்பும்? உங்கள் பிள்ளை அந்த வயதில், இன்னும் சொல்லாத நிலையில் இருந்தால், முதலில் கவுன்சலரை வைத்துச் சொல்லி முடித்துவிட்டு, அடுத்த வருடம் அழைத்துப் போங்கள்.

பெரிய பிள்ளைகள் வகுப்புதான் முகாமின் உயிர். கல்லூரி ஹாஸ்டலில் மாத்திரையை எங்கே வைப்பது, கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ படிக்கப் போனால் மையத்தை எப்படி மாற்றிக்கொள்வது, சிகிச்சை விவரம் எழுதிய பச்சைப் புத்தகத்தை ஏன் கூடவே வைத்திருக்க வேண்டும், கல்யாணம் ஆகுமா, குழந்தை பிறக்குமா. கேள்விகளைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்கிறார்கள். பதில் நேராக வருகிறது: மாத்திரையைத் தவறாமல் போட்டு வைரல் லோடு, அதாவது ரத்தத்திலுள்ள வைரஸின் அளவு, கண்டறிய முடியாத அளவில் நின்றால் உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்றாது. சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை, ஒழுங்கான சிகிச்சையில் 5-க்கும் கீழே. இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவர்களுக்கு ஆணுறை என்ற சொல் மட்டும் தொண்டையில் சிக்குகிறது. "பாதுகாப்பு முறைகள்" என்று சொல்லித் தாண்டிப் போகிறார்கள். ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாத தம்பதிகள் நாலு ஜோடி எதிரே உட்கார்ந்திருக்கும்போது இந்தக் கூச்சம் யாருக்கும் நல்லதல்ல. லோடு குறைய மாதங்கள் ஆகும். அதுவரை என்ன செய்வது என்பதற்கு அந்தச் சொல்லைத் தவிர வேறு பதில் இல்லை.

இனி மைக். காலையில் தியானம், மாலையில் ஆராதனை. ஆயர் யோவான் 9-ஐ எடுத்துப் பேசுகிறார்: பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்க, இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்று இயேசு மறுத்த பகுதி. கணவன் கொடுத்த நோய்க்கு மாமியார் வாயில் பழி சுமக்கிற பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி கிடையாது. சாட்சி சொல்லும் நேரத்தைப் பொதுக்கூட்டத்திலிருந்து எடுத்துவிட்டதும் துணிச்சலான முடிவு. சாட்சி என்றால் நம் சபைகளில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்வது. இங்கே அது தன்னையும் பிள்ளையையும் அம்பலத்தில் ஏற்றுவதாகிவிடும். உணர்ச்சிவசப்பட்டு ராத்திரி சொல்லிவிட்டு விடியற்காலையில் நொந்துகொள்வது நடக்கிற காரியம். சிறு குழுவில், விருப்பப்பட்டால் மட்டும்.

ஆனால் பாட்டுப் புத்தகமும் வெளியிலிருந்து வருகிற பிரசங்கியாரும் இருபது வருடம் பின்னால் நிற்கிறார்கள். 1986-ல் சென்னையில் நாட்டின் முதல் தொற்றுகள் கண்டறியப்பட்டதிலிருந்து 2004 ஏப்ரலில் அரசு இலவச ஏ.ஆர்.டி. தொடங்கும் வரை இந்த நோயென்றால் மரணம். அப்போது மோட்சத்தைப் பற்றியும் கண்ணீர் துடைக்கப்படுவதைப் பற்றியும் பாடியதில் அர்த்தம் இருந்தது. 2004-ல் பிறந்த பிள்ளை இன்று கல்லூரி முடித்து வேலை தேடுகிற ஆள். அவனை உட்காரவைத்து மூன்று பாட்டுக்கு இரண்டு பாட்டு அக்கரை சேர்வதைப் பற்றிப் பாடினால் என்ன நினைப்பான்? பின்வரிசைப் பிள்ளைகள் ஜன்னல் வழியே சில்வர் ஓக் மரத்தை எண்ணிக்கொண்டிருந்ததில் வியப்பில்லை.

சுகமளிக்கும் ஜெபத்தில் அவர்கள் வைத்திருக்கிற ஒழுங்கைப் பாராட்ட வேண்டும். பேச வருகிறவர் யாராயிருந்தாலும் முன்கூட்டியே ஒரு பக்கக் குறிப்பு கையில் போகிறது: மாத்திரையை நிறுத்து என்றோ, நிறுத்திச் சுகமானார் என்றோ மேடையில் ஒரு வார்த்தை வரக் கூடாது. காரணமும் அதிலேயே இருக்கிறது. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் வைரஸ் திரும்ப ஏறும். டெனோஃபோவிரும் லாமிவுடினும் மஞ்சள்காமாலை பி வைரஸையும் அடக்கி வைத்திருப்பவை என்பதால், அந்தத் தொற்றும் உள்ளவர் திடீரென்று நிறுத்தினால் ஈரல் வீங்கிப் படுக்கையில் விழலாம். வியாதியஸ்தர் முன்னே வாருங்கள் என்ற அழைப்பும் இல்லை. வேண்டுமென்றவர் இருந்த இடத்திலேயே தலை குனிந்தால் போதும்.

ஞாயிறு திருவிருந்தில் ஒரே கிண்ணம். எச்சிலால் பரவாது என்று எத்தனை தடவை மைக்கில் சொன்னாலும் ஏறாத பாடம், வரிசையில் நின்ற எல்லோரும் குடித்த கிண்ணத்தில் மீந்ததை ஆயர் கடைசியில் குடித்து, துடைத்து, கவிழ்த்து வைக்கும்போது ஏறுகிறது. அது அவர்கள் சபையின் வழக்கமான முறைதான், இதற்கென்று செய்கிற காட்சி இல்லை. அதனால்தான் நம்ப முடிகிறது.

இந்துக் குடும்பங்களும் நிறைய வருகின்றன. ஆராதனை கட்டாயமில்லை, அந்த நேரத்தில் எஸ்டேட் பாதையில் நடந்து வரலாம் என்று சொல்கிறார்கள். சிலர் போகவும் செய்கிறார்கள். இருந்தாலும் சோறும் வண்டியும் ஒருவர் கையில் இருக்கும்போது "கட்டாயமில்லை" என்ற வார்த்தைக்குப் பாதி பலம்தான். கிளம்பும்போது எல்லார் பையிலும் ஒரு புதிய ஏற்பாடு போடுவதைக் கேட்டுவிட்டுப் போட்டால் நல்லது. வீட்டுக்குப் போனதும் "இது எங்கிருந்து வந்தது?" என்று மாமியார் கேட்டால் முழுக் கதையும் அவிழும்.

பெரிய புகார் ஒன்று பாக்கி, அதுவும் ஜன்னல். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். மாலை ஆனால் சில்லென்று பனி இறங்கும், உடனே கூடத்தின் எல்லா ஜன்னலையும் சாத்திவிடுகிறார்கள். மூடிய கூடம், எழுபது பேர், ஒன்றரை மணி நேரம் உரக்கப் பாட்டு. எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை இன்றும் அதிகமாக எடுப்பது காசநோய், அது காற்றில் பரவுவது. வண்டியேறும்முன் நான்கு கேள்வி கேட்கிறார்கள்: இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை. பிள்ளைகளுக்கு எடை ஏறாமல் நிற்கிறதா, வீட்டில் யாருக்காவது காசம் உண்டா என்பதும் சேர்த்து. "ஆமாம்" என்றவரைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு அடுத்த முகாமுக்கு இடம் வைக்கிறார்கள். இவ்வளவு செய்துவிட்டு ஜன்னலைச் சாத்தினால் எப்படி? எதிரெதிரே இரண்டிரண்டு ஜன்னலைத் திறந்துவிட்டு, ஆளுக்கு ஒரு கம்பளி கூடக் கொடுக்கலாம். போகிறவர்கள் ஸ்வெட்டரோடு போய், ஜன்னலோர இடமாகப் பார்த்துப் பிடியுங்கள்.

சாப்பாடு குறை சொல்ல முடியாது. தினம் இரண்டு முட்டை, நன்றாக வெந்த கோழி, கொதிக்கவைத்த தண்ணீர், பச்சை வெங்காயத் தயிர்ப்பச்சடி கிடையாது. இரண்டாம் நாள் மாலை யாரோ கீழிருந்து கொண்டுவந்த தட்டுவடை செட்டுக்கு நடந்த அடிதடிதான் முகாமின் ஒரே சண்டை.

முகாம் மூன்று நாள். மீதி வருடத்துக்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமை சேலத்தில் கூட்டம். இதைப் பார்த்துத்தான் சேர வேண்டும். மலை என்பது வாசல்தான். மாத்திரை நிலையாக எடுக்கிறவர்களுக்கு மையத்தில் இப்போது இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்தே கொடுக்கிறார்கள். அலைச்சல் மிச்சம், ஆனால் கவுன்சலர் முகத்தைப் பார்ப்பதும் குறைந்துவிட்டது. மனைவி இறந்தபின் குடிக்க ஆரம்பித்த லாரி டிரைவர், ஹாஸ்டலில் மாத்திரையை விட்ட பெண், இவர்களை யார் கவனிப்பது? அந்த இடத்தை இந்தக் கூட்டம் பிடிக்கிறது. இரண்டு கூட்டம் தொடர்ந்து வராதவருக்குப் போன் போகிறது, "முகாம் அக்கா பேசறேன்" என்று மட்டும். கணவன் வீட்டுச் சொத்தில் பங்கு மறுக்கப்பட்ட பெண்களை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போகிறார்கள். பெண்களுக்கு வருமானம் எதுவானாலும் அங்கே வக்கீல் இலவசம். பெற்றோரில்லாப் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு, 2009-ல் மாநில அரசு ஏற்படுத்திய எய்ட்ஸ் பாதித்த குழந்தைகளுக்கான அறக்கட்டளைக்கு மனு எழுதித் தருகிறார்கள். பாசிட்டிவ் வரன் பார்த்துச் சொல்கிற வேலையும் ஓரமாக நடக்கிறது. அதில் சாதி கேட்கிறவர்களைப் பார்க்கும்போதுதான் சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு நோட்டு சுற்றுகிறது. பெயர், போன் நம்பர், ஏ.ஆர்.டி. எண், கையெழுத்து, நாலு பத்தி. உங்களுக்கு மேலே கையெழுத்துப் போட்டவரின் எண்ணை நீங்கள் படிக்கலாம், உங்களுடையதைக் கீழே போடுகிறவர். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம், இந்த விவரங்களை வைத்திருக்கிற எந்த அமைப்பும் அவற்றைப் பாதுகாக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. ஒருவரின் நிலையை அவர் ஒப்புதல் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்கிறது. பஸ்ஸில் இவ்வளவு கவனமாக இருந்தவர்கள் நோட்டில் கோட்டை விட்டதுதான் விசித்திரம். அதை அவர்கள் சரிசெய்யும்வரை ஏ.ஆர்.டி. எண் பத்தியை வெறுமையாக விடுங்கள். யாரும் கேட்கமாட்டார்கள், கேட்டால், மையத்துக்கு மட்டும்தான் தருவேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இப்போதுதான் தெரியவந்து, மாத்திரை தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாதவர்கள் உடனே மலை ஏற வேண்டாம். முதல் வாரங்களில் உடம்பும் மனசும் ஒரு நிலையில் இராது, முகாமில் டாக்டர் கிடையாது. முதலில் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வாருங்கள். அரசின் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. பேச ஆள் வேண்டுமென்றால் 1097, கட்டணமில்லா எண்.

திரும்பும் வண்டியில் ஏறும்போது பிள்ளைகளுக்கான நோட்டு, பேனா, ஒரு கம்பளி எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுக்கிறார்கள். பையின் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாலும் ஓர் எழுத்து அச்சில்லை. சேலத்தில் எந்தக் கல்யாண வீட்டிலிருந்து வந்தாலும் கையில் இருக்கிற பை அதேதான்.